ஐந்து கண் மதகும் ஆறு குடமும்



‘சரி எது, தவறு எது என்பதை எதைக் கொண்டு தீர்ப்பது?’ என்ற தலைப்பை அறக்கட்டளையார் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நூல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு தண்ணீர் லாரியிலிருந்து தொடங்குகிறேன்.

2019 கோடை இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் மறந்திருக்காது. புழலும் செம்பரம்பாக்கமும் பூண்டியும் சோழவரமும் அந்த ஜூனில் ஏறக்குறைய வற்றிப்போயின. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. அம்பத்தூரில் எங்கள் தெருவில் போர்வெல்களெல்லாம் காற்றைத்தான் இறைத்தன. இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரி வரும். தெருவே கூடி, வீட்டுக்கு ஆறு குடம் என்று முடிவு செய்தது. பெரிய வீடு, சின்ன வீடு, சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேச்சே இல்லை, எல்லோருக்கும் ஆறு. சண்டை வராமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது என்று நானும் நினைத்தேன்.

இரண்டாம் வாரம், தெருவில் எல்லோரும் ‘பெரியம்மா’ என்று கூப்பிடும் ஒரு மூதாட்டி லாரிக்குப் பக்கத்தில் நின்று, “அந்த மூணாவது வீட்டுக்கு எட்டு குடம் விடுங்க” என்றார். அந்த வீட்டில் ஓர் அம்மாள் படுத்த படுக்கையாக இருந்தார். நாளெல்லாம் துணி அலச வேண்டும். “எங்க வீட்லயும்தான் ஆறு பேர் இருக்கோம்” என்று ஒருவர் கேட்டார். “உங்க வீட்டு ஆறு பேரும் எழுந்து நடக்கிறாங்க இல்ல?” என்றார் பெரியம்மா. அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்த வீட்டுக்கு எட்டுக் குடம் போனது.

பெரியம்மா அன்று செய்தது ஒரு தத்துவக் கணக்கு. ஆறு என்பது எல்லோருக்கும் ஒரே எண். ஆனால் ஒரு குடம் தண்ணீர் எல்லா வீட்டிலும் ஒரே அளவு துன்பத்தைக் குறைப்பதில்லை. ஏழாவது குடம் எங்கள் வீட்டில் வாசல் தெளிக்கப் பயன்பட்டிருக்கும். அந்த வீட்டில் அது ஒரு கிழவியின் முதுகில் புண் வராமல் காத்தது. செயலின் தகுதியை அது மனிதர் வாழ்வில் கூட்டும் இன்பத்தையும் குறைக்கும் துன்பத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையை, அதன் பெயரே தெரியாமல், லாரிக் குழாயைப் பிடித்தபடி அவர் சொல்லிவிட்டார்.

பயன் கொள்கை எனப்படும் இதற்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம். 1789இல் வெளிவந்த தம் நூலில், இன்பத்தை எப்படி அளப்பது என்று ஏழு அளவுகளை வைத்தார். எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம் நீடிக்கும், எவ்வளவு உறுதியாக வரும், எவ்வளவு சீக்கிரம் வரும், மேலும் இன்பத்தைப் பெற்றெடுக்குமா, துன்பம் கலக்காமல் இருக்குமா என்று ஆறு. ஏழாவது அளவு, எத்தனை பேருக்கு என்பது. இந்த ஏழாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். மன்னனின் இன்பமும் மாடு மேய்ப்பவனின் இன்பமும் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று என்பது அதில் அடங்கியிருக்கிறது.

அந்த மரபில் அடுத்து வந்த ஜான் ஸ்டூவர்ட் மில் நமக்கு ஒரு வகையில் நெருங்கியவர். 1823 முதல் 1858 வரை 35 ஆண்டுகள் அவர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை வரைவது அவர் தொழில். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அவர் தந்தை ஜேம்ஸ் மில்லும் இந்திய வரலாறு எழுதியவர், அவரும் வந்ததில்லை. மனித குலத்தின் இன்பத்தைக் கணக்கிடச் சொன்ன அறிஞர்கள், தாங்கள் எழுதிய கடிதம் எந்த ஊர்க் களத்துமேட்டில் போய் இறங்கியது என்பதைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தத் தூரத்தை என்னால் மறக்க முடிவதில்லை.

தூரத்திலிருந்து போடும் கணக்கு என்ன செய்யும் என்பதைச் சென்னை மாகாணம் பட்டுத் தெரிந்துகொண்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கும் 1876-78 பஞ்சம் அது. 1877 தொடக்கத்தில் அரசப் பிரதிநிதியின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச வேலைக்கு வந்தவர்களின் கூலியை வெட்டினார். ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், கொஞ்சம் காசும். நாளெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கு இவ்வளவுதான். செலவு குறையும், கருவூலம் பிழைக்கும், அதனால் பலருக்கும் நீண்ட நாள் நன்மை என்பது அவர் பக்கத்து வாதம். பார்வைக்கு அதுவும் ஒரு பயன் கணக்குதான்.

அதை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர், மருத்துவர் கார்னிஷ். அவர் உடம்புகளைப் பார்த்தார். உழைக்கிறவர்கள் நாளுக்கு நாள் மெலிகிறார்கள், இந்த அளவு தானியம் உயிரைப் பிடித்து வைக்காது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். இருவரும் ஏட்டில் வாதாடினார்கள். சில மாதங்களில் சென்னை அரசு அந்தக் கூலியைக் கைவிட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். டெம்பிள் அறத்தைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார், கார்னிஷ் கணக்கைத் தள்ளிவிட்டு அறம் பேசினார் என்று சிலர் சொல்லக்கூடும். என் கருத்து வேறு. இருவரும் கணக்குத்தான் போட்டார்கள். டெம்பிளின் கணக்கில் ரூபாய் இருந்தது, மனிதன் இல்லை. கார்னிஷ் மனிதனைக் கணக்கில் சேர்த்தார். ‘விளைவைப் பார்ப்பது இரக்கமற்ற வேலை’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விளைவை முழுதாகப் பார்க்காததுதான் இரக்கமற்றது.

அந்தப் பஞ்சத்தின் வடு ஆறாத நாட்களில்தான், சென்னையில் ஒரு சிறு கூட்டம் தமிழிலேயே இந்தக் கேள்வியை எடுத்தது. சென்னை இலௌகிக சங்கம் என்று பெயர். 1882 முதல் 1888 வரை அவர்கள் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்தினார்கள்.  இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். மறுமையில் கிடைக்கும் பலனைச் சொல்லி இம்மைத் துன்பத்தை நியாயப்படுத்தக் கூடாது, இந்த உலகத்தில் மனிதர் படும் நன்மை தீமையே ஒழுக்கத்துக்கு உரைகல் என்பது அவர்கள் நிலை. அந்த உரைகல்லில் சாதியை உரசினார்கள். குழந்தைத் திருமணத்தையும் விதவைகளின் நிலையையும் உரசினார்கள். ஒரு வழக்கம் எவ்வளவு பழையது என்பதை விட்டு, அதனால் யார் அழுகிறார் என்று கேட்டார்கள். பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்ப் பக்கங்களைத் தேடித் தொகுத்து 2012இல் நம் கையில் கொடுத்தார். இந்தச் சிந்தனை நேற்று கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்பவர்களுக்கு நான் அந்தத் தொகுதிகளைத்தான் காட்டுவேன். நூற்று நாற்பது ஆண்டுகளாக அது தமிழில் பேசப்பட்டிருக்கிறது.

இனி நம் ஏரிக்கு வருகிறேன்.

பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் செம்பரம்பாக்கம். ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த ஏரி, இன்று நகரத்தின் தாகத்துக்கு. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. உபரி நீர் போக ஐந்து கண் மதகும் பத்தொன்பது கண் மதகும் இருக்கின்றன. திறந்த நீர் குன்றத்தூர்ப் பக்கமாக ஓடி அடையாற்றில் சேர்ந்து, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகரத்தின் நடுவே கடலுக்குப் போகிறது.

2015 டிசம்பர் 1. அன்று தொடங்கி மறுநாள் காலை வரை செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் மழை. காலையில் நொடிக்குச் சுமார் 900 கன அடியாக இருந்த திறப்பு, இரவுக்குள் 29,000 கன அடி ஆனது. அடையாறு கரை மீறியது. மாடி வரை தண்ணீர் ஏறிய வீடுகளை நாம் பார்த்தோம். அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. விதிப்படிதான் திறந்தோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அடையாற்றில் அன்று வந்த நீர் அத்தனையும் செம்பரம்பாக்கத்து நீர் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்ததைத் தடுக்க எந்த ஷட்டரும் கிடையாது.

அந்த இரவில் மதகுக்குப் பக்கத்தில் நின்ற மனிதரை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் முன்னால் இரண்டு துன்பங்கள். திறந்தால் கீழே இருப்பவர்கள் மூழ்குவார்கள். திறக்காமல் கரை உடைந்தால், ஏரி முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும். அப்போது எண்ணவே முடியாத அழிவு. கரையைக் காப்பதுதான் சரி என்று யாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வியை அந்த இரவில் அவர் தலையில் மட்டும் வைத்தது யார்? நவம்பரிலேயே பலத்த மழை பெய்து, மண் ஊறி, ஏரி மேலேறிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கலாமே என்பது எல்லோரும் கேட்ட கேள்வி. பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிசம்பரில் விட்ட தண்ணீர் மே மாதத்தில் திரும்பி வராது. நகரத்துக்குக் கோடையில் குடிக்க வேண்டும். ஏரி நிரம்பியிருப்பது கோடையின் இன்பம், ஏரியில் இடம் இருப்பது மழைக்காலத்தின் காப்பு. இரண்டும் ஒரே ஏரியில்.

இந்தத் தவிப்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். 2015இல் நிரம்பி வழிந்து கொன்ற அதே ஏரி, நான்கே ஆண்டில் வற்றி, சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த மழைநீரை உறிஞ்சிச் சுத்தம் செய்து குடிக்கும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது. 2019 ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு மாலை போட்டார்கள். அந்தத் தண்ணீர் புறப்பட்ட பக்கத்தில், ‘எங்களுக்கே குறைந்துவிடுமோ’ என்று குரல் எழுந்ததும் அதே வாரங்களில்தான். அவர்கள் பயமும் கணக்கில் உண்டு. சென்னையில் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அது மறைந்துவிடாது.

எந்த உயரத்தில் ஏரியைத் திறப்பது என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் நிற்கலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கம் கிடையாது. கீழே இருப்பவர்களிடம் சொல்வது. ‘இத்தனை மணிக்கு இவ்வளவு திறக்கிறோம், மேட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று வேளையோடு சொன்னால், அதனால் யாருடைய இன்பமும் ஒரு துளி குறையாது. கோடைத் தண்ணீரும் குறையாது, கரையும் உடையாது. அதற்கு ஆகும் செலவு ஓர் ஒலிபெருக்கிதான். 2015இல் கரையோரத்துப் பலருக்கு அந்தச் சொல் வந்து சேரவில்லை. சொல் வந்து சேர்ந்தவர்களுக்கும் 29,000 கன அடி என்றால் தங்கள் வீட்டுக்குள் எந்தப் படி வரை என்று சொல்லப்படவில்லை. விளைவைக் கொண்டு தீர்ப்பவர்கள் சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியாத இடம் அது. ஏனென்றால் எதிர்த்தட்டில் வைக்க அங்கே ஒன்றுமே இல்லை.

2020 நவம்பர் 25ஆம் தேதி, நிவர் புயல் நெருங்கிய பகல் வேளையில், நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் செம்பரம்பாக்கத்தைத் திறந்தார்கள். முதலில் 1,000 கன அடி, பிறகு படிப்படியாக. முன்னதாகவே அறிவிப்பு வந்தது, தொலைக்காட்சியில் ஐந்து கண் மதகை நேரலையாகக் காட்டினார்கள். இரண்டு அடி தண்ணீரைக் கோடையிடமிருந்து வாங்கி, கரையோரத்து உயிர்களுக்குக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் போன உயிர்கள் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

முன்காலத்தில் ஏரி திறப்பதை ஊருக்கு எப்படிச் சொன்னார்கள்? தண்டோரா போட்டார்கள். வெள்ளமானாலும் வரியானாலும் பறைதான் சொல்லும். அந்தப் பறையை அடித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். ஊர் முழுவதும் மேட்டுக்கு ஏறிப் பிழைக்கும்படி குரல் கொடுத்தவர், ஊருக்கு வெளியே பள்ளத்தில் குடியிருந்தவர். அந்த வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கடமையாகவும் அவமானமாகவும் இருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

பயன் கொள்கைக்கு எதிராக எல்லா வகுப்பறையிலும் கேட்கப்படும் கேள்வி இங்கே நிற்கிறது. பலருக்கு நன்மை கிடைக்கச் சிலர் இழிவைச் சுமந்தால் போதும் என்றுதானே உங்கள் கணக்கு முடியும்? தண்டோரா அப்படித்தானே நடந்தது? கேள்வி நியாயமானது. பறையடித்தவருக்குத் தானியம் கொடுத்தோம், அவருக்கும் பிழைப்பு, ஊருக்கும் பயன் என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு முடிந்தது. அந்த ஏட்டில் அவருடைய கூச்சம் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. தன் பிள்ளை பார்க்கத் தெருவில் கூவிக்கொண்டு போகும் தகப்பனின் நெஞ்சில் ஏறும் சுமை, பெந்தத்தின் ஏழு அளவிலும் பெரிதாகத்தான் வரும். அது நீடிக்கும், உறுதியாக வரும், மேலும் துன்பத்தைப் பெற்றெடுக்கும், பேரப்பிள்ளைகள் வரை பரவும். அதை எழுதியிருந்தால் கணக்கு நூறு ஆண்டுக்கு முன்பே வேறாகியிருக்கும். எழுதாதவர்கள், எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற இந்தக் கேள்வியில் நம் ஆவடிக்கும் ஓர் இடம் உண்டு. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நாட்டின் திட்டங்கள் சோஷலிச பாணி சமுதாயத்தை நோக்கிப் போக வேண்டும் என்று தீர்மானித்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த நேரம். அந்தத் தீர்மானத்தில் உற்பத்தியைப் பெருக்குவதும், நாட்டின் செல்வத்தை நியாயமாகப் பங்கிடுவதும் சேர்ந்தே வருகின்றன. மொத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, யார் பாத்திரத்தில் எவ்வளவு விழுகிறது என்றும் பார் என்று அதற்குப் பொருள். எங்கள் தெருப் பெரியம்மா அந்த மாநாடு நடந்தபோது சிறுமியாக இருந்திருப்பார்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும், இங்கே அம்பத்தூர் அத்திப்பட்டுக்கும் மாற்றினார்கள். ஆற்றங்கரையில் சாவு, அடுக்குமாடியில் பத்திரம் என்று ஒரு வரியில் கணக்கு முடிந்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை செய்த வீடு எத்தனை கிலோமீட்டர் தள்ளிப்போனது, படிப்பின் நடுவில் பிள்ளைக்குப் பள்ளி எங்கே என்பதெல்லாம் இரண்டாவது வரி. அந்த வரியை அந்தப் பெண்களே பிறகு மனுக்களில் எழுதினார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு மாற்றியிருந்தால், சாவையும் தவிர்த்திருக்கலாம், பிழைப்பையும் காத்திருக்கலாம்.

ஆறு குடத்துக்குத் திரும்பி வருகிறேன். நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

எங்கள் தெருக் கோடியில், மாடிப்படிக்குக் கீழே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. அதில் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் தங்கியிருந்தார்கள். தெருக் கூடி வீட்டுக்கு ஆறு குடம் என்று பேசியபோது, அந்த அறை ஒரு வீடு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயர் எழுதிய தாளில் அது இல்லை. நான்தான் அந்தத் தாளை எழுதினேன். இரண்டு வாரம் அவர்கள் கம்பெனியிலேயே குளித்து, வாட்டர் கேன் வாங்கிச் சமாளித்திருக்கிறார்கள். அறம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிற ஒருவன் போட்ட பட்டியல் அது. அந்த வெட்கம் எனக்கு இன்றும் தணியவில்லை.

மூன்றாம் வாரம் அவர்களில் ஒரு பையன், கையில் ஒரு பெயின்ட் பக்கெட்டோடு லாரி வரிசையின் கடைசியில் வந்து நின்றான். யாராவது போகச் சொல்வார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பெரியம்மா அவனைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வரிசையை விட்டு அவனிடம் நடந்து போய், “உங்க ரூம்ல மொத்தம் எத்தனை பேருப்பா?” என்று கேட்டார்.

அவனுக்குத் தமிழ் சரியாக வராது. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, எட்டு விரலை விரித்துக் காட்டினான்.